பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி

தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கும் ஒருத்தனைக் கைவிடாமல் நிற்பது அறமா, வெறும் பிடிவாதமா? அப்படி நிற்கிறவர் யாருடைய பங்கை எடுத்து அவனுக்குக் கொடுக்கிறார்? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்கவேண்டும் என்பது என் கட்சி. முதல் கேள்வியை மட்டும் கேட்டால் நல்ல மனசுக்காரர்கள் பற்றிய கதை ஒன்று கிடைக்கும். இரண்டாவதையும் கேட்டால்தான் நீதி பற்றிய பேச்சு தொடங்கும்.

இதைப் பேச நான் எடுத்துக்கொள்வது ஒரு கூடைப்பந்து ஆட்டம். 1994 ஜூன் 22, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம். என்.பி.ஏ. என்கிற தொழில்முறைக் கூடைப்பந்து லீகின் இறுதிப் போட்டி, ஏழு ஆட்டத் தொடராக நடக்கிறது. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி மூன்று ஆட்டம், நியூயார்க் நிக்ஸ் அணி மூன்று ஆட்டம் ஜெயித்தாகிவிட்டது. அன்று நடந்தது ஏழாவது ஆட்டம். நியூயார்க் அணியின் ஜான் ஸ்டார்க்ஸ் அன்று கூடையை நோக்கி 18 தடவை எறிந்தார். 2 மட்டுமே விழுந்தன. அந்தப் பதினெட்டில் தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிகள் 11. பதினொன்றும் தவறின. பயிற்சியாளர் பாட் ரைலி அவரை நம்பிக் களத்திலேயே வைத்திருந்தார். பெஞ்சில் ரோலாண்டோ பிளாக்மன் என்ற அனுபவசாலி உட்கார்ந்திருந்தார். அவரை ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. 90க்கு 84 என்று நியூயார்க் தோற்றது. வித்தியாசம் ஆறு புள்ளி. மூன்று புள்ளி எறி இரண்டு விழுந்திருந்தால் சரிக்குச் சரி.

நான் விளையாட்டுக்காரன் இல்லை. தமிழ் எம்.ஏ. படித்தவன். கூட்டம் போடுவது, துண்டறிக்கை எழுதுவது, கைதானவர்களுக்கு ஜாமீன் எடுக்க அலைவது என்று பொழுது போகிறவன். இந்த ஆட்டத்தை வருஷங்கள் கழித்து வீடியோவில்தான் பார்த்தேன். பார்த்ததிலிருந்து அந்தப் பயிற்சியாளர் செய்தது சரியா என்ற கேள்வி என்னை விடவில்லை. ஆட்கள் கூடி வேலை செய்கிற இடமெல்லாம், ஒருத்தரைக் களத்தில் வைப்பது, இன்னொருத்தரை உட்கார வைப்பது என்கிற அதிகாரம் யாரோ ஒருவர் கையில் இருக்கத்தான் செய்கிறது. அந்த அதிகாரத்தை அன்போடு பயன்படுத்தினால் போதுமா என்பதுதான் என் பிரச்சினை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட்டில் அவுட் ஆனவன் பெவிலியனுக்குப் போனால் அந்த இன்னிங்ஸில் திரும்ப வரமாட்டான். கால்பந்தில் மாற்று ஆளை இறக்கிவிட்டால் வெளியே வந்தவனுக்கு அன்றைய கணக்கு முடிந்தது. கூடைப்பந்து அப்படியில்லை. களத்தில் ஐந்து பேர். ஆட்டம் நிற்கும்போதெல்லாம் ஒருத்தனை வெளியே எடுக்கலாம். ஐந்து நிமிஷம் கழித்து அவனையே திரும்ப அனுப்பலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆகவே இந்த ஆட்டத்தில் ஒருத்தனைக் களத்திலேயே வைத்திருப்பது ஒரு தடவை எடுத்துவிட்டு மறந்துபோகிற முடிவில்லை. ஒவ்வொரு நிமிஷமும் திரும்பத் திரும்ப எடுக்கிற முடிவு. ரைலி அன்று ஸ்டார்க்ஸை ஒரு தடவை நம்பவில்லை, பத்துப் பதினைந்து தடவை நம்பினார்.

யார் இந்த ஸ்டார்க்ஸ்? ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் 1965இல் பிறந்த கறுப்பர். 1921இல் வெள்ளையர் கும்பல் கிரீன்வுட் என்கிற கறுப்பர் குடியிருப்பையே கொளுத்தி, முப்பத்தைந்து தெருத்தொகுதிகளைச் சாம்பலாக்கியது அந்த ஊரில்தான். நாலு கல்லூரி மாறிப் படித்தார். நடுவில் மளிகைக் கடை ஒன்றில் மணிக்கு 3.35 டாலருக்குச் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுக்கும் வேலை. அன்றைக்கு அதுதான் அங்கே சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி. அமெரிக்காவில் கல்லூரி முடிக்கும் ஆட்டக்காரர்களை என்.பி.ஏ. அணிகள் ஆண்டுதோறும் வரிசையாகப் பெயர் சொல்லி எடுப்பார்கள். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். 1988 டிராஃப்டில் ஸ்டார்க்ஸ் பெயரை எவரும் சொல்லவில்லை. கலிஃபோர்னியா அணி ஒன்றில் கொஞ்ச காலம், பிறகு சின்ன லீக்குகளில் அலைச்சல்.

1990இல் நியூயார்க் அணியின் பயிற்சி முகாமுக்கு முயற்சி பண்ணிப் பார்க்க வந்தார். ஒரு பயிற்சியின்போது ஏழடி உயரமுள்ள பாட்ரிக் யூவிங்கின் தலைக்கு மேலாகப் பாய்ந்து பந்தைக் கூடையில் அடிக்கப் பார்த்தார். யூவிங் அந்த அணியின் தூண். யூவிங் தடுத்துத் தள்ளினார். ஸ்டார்க்ஸ் கீழே விழுந்து முழங்காலைத் திருகிக்கொண்டார். அடிபட்ட ஆட்டக்காரரைக் காயம் ஆறுவதற்குள் அணி வெளியே அனுப்பக்கூடாது என்று விதி இருந்தது. டிசம்பர் கடைசிக்குள் காயம் ஆறியிருந்தால் அனுப்பியிருக்கலாம். ஆறவில்லை. தேதி தாண்டிவிட்டது. அனுப்ப முடியாமல் போய் அணியிலேயே நின்றுவிட்டார்.

இந்தச் சம்பவத்தை எல்லோரும் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்து போகிறார்கள். எனக்கு அப்படிக் கடந்துபோக மனமில்லை. ஸ்டார்க்ஸின் பிழைப்பை முதன்முதலில் காப்பாற்றியது எந்தப் பெரிய மனிதரின் இரக்கமும் இல்லை. ஒரு விதி. வேலையில் அடிபட்டவனைத் தெருவில் விடக்கூடாது என்று எழுதி வைத்த ஒரு வரி. அந்த விதிக்கு ஸ்டார்க்ஸ் யாரென்று தெரியாது, அவர் நாளைக்குப் பெரிய ஆளாக வருவாரா என்றும் தெரியாது. தெரியாததால்தான் அது அவருக்கும் பொருந்தியது, அவரைப்போல் அடிபட்டு, பிறகு பெயரே தெரியாமல் போனவர்களுக்கும் பொருந்தியது.

அடுத்த ஆண்டு, 1991இல், ரைலி நியூயார்க்குக்கு வந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு 1982, 85, 87, 88 என நாலு பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அவர் கையில் ஸ்டார்க்ஸ் வளர்ந்தார். 1993 மேயில் மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ அணிக்கு எதிராக இடது கையால் பந்தைக் கூடையில் அடித்த அந்தப் பாய்ச்சலை நியூயார்க் ஜனங்கள் கதையாகச் சொல்வார்கள். அதே வேகம், அதே ஆண்டில், எதிரணி ஆட்டக்காரரைத் தலையால் முட்டி வெளியேற்றப்படவும் காரணமாக இருந்தது. ரைலி கைவிடவில்லை. 1994இல் லீகின் நட்சத்திர ஆட்டத்துக்கு ஸ்டார்க்ஸ் தேர்வானார். அந்த மார்ச்சில் முழங்காலில் அறுவை சிகிச்சை. நாக்-அவுட் சுற்றுக்கு மறுபடி வந்து நின்றார்.

ஆறாவது ஆட்டத்தில் அவர் எடுத்தது 27 புள்ளி. அதில் 16 கடைசிக் கால்பகுதியில் மட்டும். 86க்கு 84 என்று பின்தங்கிய நேரத்தில், கடைசி நொடியில் அவர் எறிந்த மூன்று புள்ளி எறி விழுந்திருந்தால் பட்டமே நியூயார்க்குக்கு. ஹூஸ்டனின் ஹக்கீம் ஒலாஜுவான் நீட்டிய விரல் பட்டுப் பந்து விழாமல் போயிற்று. ஒரு விரல் கனம். மூன்று நாள் கழித்து ஏழாவது ஆட்டம். முதல் மூன்று கால்பகுதியில் ஸ்டார்க்ஸ் எறிந்தது 8, விழுந்தது 1. கடைசிக் கால்பகுதியில் எறிந்தது 10, விழுந்தது 1.

இங்கே புள்ளிவிவரக்காரர்கள் வருகிறார்கள். 'எட்டுக்கு ஒன்று என்று கண்ணெதிரே இருக்கிறது. தூக்கி உட்கார வைக்கவேண்டியதுதானே' என்பது அவர்கள் வாதம். கேட்கச் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் பதினெட்டுக்கு இரண்டு என்ற கணக்கு ஆட்டம் முடிந்த பிறகு கிடைத்தது. ரைலி நின்றது அதற்கு முன்னால். கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது அவர் முன்னால் இரண்டு கணக்குகள் இருந்தன. இன்றைக்கு எட்டுக்கு ஒன்று. மூன்று நாளுக்கு முன், இதே கடைசிக் கால்பகுதியில், 16 புள்ளி. எந்தக் கணக்கை எடுப்பது? எத்தனையாவது தவறோடு ஒருத்தனின் நாள் முடிந்தது என்று சொல்வது? ஐந்தாவதா, ஒன்பதாவதா? எண்ணுக்கு அந்த இடம் தெரியாது. அதைச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். அந்த ஆண்டுகளில் ஸ்டார்க்ஸ் மூன்று புள்ளி எறிகளில் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்றைப் போடுகிறவர். அப்படிப்பட்டவர் பதினொன்றையும் தவறவிட, ஒவ்வொரு எறியும் தனித்தனி என்று வைத்துக்கொண்டால், சுமார் 86இல் ஒரு வாய்ப்பு. அரிதுதான், ஆனால் நடக்காத விஷயமில்லை. ஆண்டு முழுக்க ஆடுகிறவனுக்கு எப்போதோ ஒருநாள் வரக்கூடிய கெட்ட நாள், ஸ்டார்க்ஸுக்கு உலகமே பார்த்துக்கொண்டிருந்த நாளில் வந்தது. பதினெட்டு எறிகளை வைத்து ஒரு ஆளை அளப்பது, ஒரு பரீட்சையை வைத்து ஒரு மாணவனை அளப்பதைப் போன்றது.

'கை சூடாக இருக்கிறது, கை ஆறிப்போச்சு' என்று ஆட்டக்காரர்கள் சொல்வதுண்டு. இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்கிறார்கள். 1985இல் தாமஸ் கிலோவிச், ராபர்ட் வலோன், அமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய மூவர், கூடைப்பந்துப் பதிவுகளை ஆராய்ந்து, சூடான கை என்று ஒன்றும் கிடையாது, அது மனசின் மயக்கம் என்று எழுதினார்கள். முப்பது வருஷத்துக்கும் மேல் அதுதான் வேதவாக்கு. 2018இல் ஜோஷுவா மில்லர், ஆடம் சன்ஹுர்ஹோ என்ற இருவர், அந்தக் கணக்குப் போட்ட முறையிலேயே ஒரு சாய்வு ஒளிந்திருக்கிறது, அதைத் திருத்தினால் அதே பதிவுகள் வேறு முடிவைக் காட்டுகின்றன என்று நிறுவினார்கள். ஆக, பெஞ்சுல உக்காந்திருக்கிற கிழட்டுக் கோச்சின் பேச்சை மூடநம்பிக்கை என்று படித்தவர்கள் ஒதுக்கினார்கள். பிறகு படித்தவர்களின் கணக்கிலேயே பிசகு. எண்ணுக்குப் பின்னால் நின்று பேசுகிறவர்களையும் கேள்வி கேட்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். எண் பொய் என்று சொல்ல வரவில்லை. முடிவு எடுக்கிற பொறுப்பை எண்ணின் தலையில் இறக்கி வைத்துவிட்டுக் கைகழுவ முடியாது என்கிறேன்.

அப்படியானால் ரைலி செய்தது சரிதானே என்று கேட்பீர்கள். பொறுங்கள். அவர் காட்டியதற்கு என்ன பெயர் என்று முதலில் பார்ப்போம். விசுவாசம், நன்றிக்கடன், செஞ்சோற்றுக்கடன் என்று நம்மிடம் சொற்கள் நிறைய உண்டு. அத்தனையும் கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவனுக்குக் காட்டவேண்டியவை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள். உப்பைத் தின்றவனை உப்பிட்டவர் எத்தனை நாள் நினைக்கவேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. கர்ணன் செத்ததற்கு ஊரே அழுகிறது. மேலிருந்து கீழே இறங்கி வருகிற விசுவாசத்துக்கு நம்மிடம் தனிச்சொல் கிடையாது. கருணை, இரக்கம், தயவு, பெரிய மனசு என்றுதான் சொல்வோம். கடன் என்று சொல்லமாட்டோம். கீழே இருந்து மேலே போனால் கடமை, மேலே இருந்து கீழே வந்தால் தானம் என்று ஒரு மொழியே பிரித்து வைத்திருக்கிறது என்றால், அந்த மொழியில் யார் உட்கார்ந்து சொல் செய்தார்கள் என்று யோசிக்கவேண்டும்.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. ஆராயாமல் ஒருவனை நம்புவதும், நம்பிய பிறகு அவனைச் சந்தேகப்படுவதும், இரண்டுமே தீராத துன்பம் தரும் என்று அதில் வருகிறது. ரைலிக்கு ஆதரவாகப் பேச இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். மூன்று வருஷம் ஆராய்ந்து நம்பினார். நம்பியவனைக் கடைசி நேரத்தில் சந்தேகப்பட மறுத்தார். ஆனால் அந்த அதிகாரம் அரசனிடம் பேசுகிறது. நம்பப்பட்டவனைப் பற்றியும் பேசுகிறது. நம்பப்படாமல் வெளியே உட்கார்ந்திருக்கிறவனின் துன்பத்துக்கு அதில் இடமில்லை. நம் கேள்வி அங்கிருந்து வருகிறது.

அதற்குமுன், மேலிருந்து வரும் இந்த விசுவாசத்தின் பெருமையையும் குறைக்காமல் சொல்லவேண்டும். 1950 வரை என்.பி.ஏ.வில் ஒரு கறுப்பர்கூட ஆடியதில்லை. அந்த ஆண்டில்தான் சக் கூப்பர், ஏர்ல் லாயிட், நாட் கிளிஃப்டன் என்ற மூவர் மூன்று அணிகளில் நுழைந்தார்கள். கிளிஃப்டன் சேர்ந்தது இதே நியூயார்க் அணியில். கதவு திறந்த பிறகும் ஓர் அணியில் இத்தனை கறுப்பர்தான் என்று எழுதாத வரம்பு ரொம்ப நாள் இருந்தது. அப்படி ஒரு வரம்பு இருக்கிற இடத்தில் கறுப்பன் சாதாரண ஆட்டக்காரனாக இருக்க முடியாது. அபாரமாக ஆடவேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போகவேண்டும். சுமாராக ஆடுவது, ஒருநாள் சொதப்புவது, அடுத்த நாள் திரும்ப வருவது — இதெல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறவர்களின் சொத்து. இந்தப் பக்கங்களைப் படிக்கிற முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒருத்தன் தவறினால் அவன் தவறினான் என்கிறார்கள்; நம்ம ஆள் தவறினால் 'அப்பவே தெரியும்' என்கிறார்கள்.

டிராஃப்டில் பெயரே வராத, மளிகைக் கடையில் பை கட்டிய ஒருத்தரை, உலகம் பார்க்கிற ஆட்டத்தில், தவறிக்கொண்டிருக்கும்போதே நம்பி நிறுத்தியதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தவறவிடும் உரிமையை ஒருத்தருக்குக் கொடுத்தார் ரைலி. அந்த உரிமை பெற்றவர் என்ன செய்தார் என்பதற்கும் பதிவு இருக்கிறது. அடுத்த ஆண்டு, 1994-95இல், அதே ரைலியின் கீழ், ஸ்டார்க்ஸ் 217 மூன்று புள்ளி எறிகளைக் கூடையில் போட்டார். ஒரே பருவத்தில் இருநூறைத் தாண்டிய முதல் என்.பி.ஏ. ஆட்டக்காரர் அவர்தான். அந்த ஆண்டு மூன்று புள்ளிக் கோட்டைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்திருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். இருந்தாலும் பதினொன்றில் பதினொன்றும் தவறியவன் அடுத்த பருவத்தில் பயப்படாமல் எறிந்தான் என்றால், எறி என்று ஒருவர் பின்னால் நின்றிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

இப்போது பெஞ்சுக்கு வருவோம். ரோலாண்டோ பிளாக்மன் பனாமாவில் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர். டல்லாஸ் அணியில் பதினோரு பருவம் ஆடி, நாலு தடவை நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். 1992இல் நியூயார்க் வந்தார். 1994இல் அவருக்கு வயசு 35. என்.பி.ஏ.வில் அவருக்கு அதுதான் கடைசிப் பருவம். வாழ்நாளெல்லாம் ஆடிய ஒருத்தர், தன் கடைசிப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில், தன் இடத்தில் ஆடுகிறவன் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறவிடுவதை உட்கார்ந்து பார்க்கிறார். பயிற்சியாளர் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டார்க்ஸுக்குக் கிடைத்த பதினெட்டில் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

பதினெட்டுக்கு இரண்டு என்பது எல்லாருக்கும் தெரிந்த எண். பிளாக்மனுக்கு எண்ணே இல்லை. எறியாதவனுக்குச் சதவீதம் கிடையாது. புள்ளிவிவரம் களத்தில் இருக்கிறவனை மட்டும் எழுதுகிறது. வெளியே நிறுத்தப்பட்டவனை எழுத அதில் பத்தியே கிடையாது. ஸ்டார்க்ஸின் தோல்வி பதிவாகி, பேசப்பட்டு, மன்னிக்கவும் பட்டது. பிளாக்மன் தோற்கக்கூட அனுமதிக்கப்படவில்லை. இரண்டில் எது பெரிய இழப்பு என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன்.

ரைலி பெஞ்சை அறியாதவர் இல்லை. 1972இல் லேக்கர்ஸ் பட்டம் வாங்கியபோது அவர் அந்த அணியின் மாற்று ஆட்டக்காரர். பெஞ்சின் மரம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர். பின்னாளில் அவரே, அன்று பிளாக்மனை இறக்காமல் விட்டது தன்னுடைய பெரிய தவறுகளில் ஒன்று என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் வருத்தம் பிளாக்மனுக்கு ஒரு நிமிஷத்தைத் திருப்பிக் கொடுக்காது. பாட்ரிக் யூவிங்குக்கும் கொடுக்காது. அவர் 2002இல் பட்டமே இல்லாமல் ஓய்வு பெற்றார். ஒருத்தனை நம்புவதற்கு ஆகிற செலவு நம்புகிறவர் பையிலிருந்து மட்டும் போவதில்லை. பக்கத்தில் நிற்கிறவன் பையிலிருந்தும் போகிறது, அவனிடம் கேட்காமலே.

மேலிருந்து வருகிற விசுவாசத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. கொடுக்கிறவர் நினைத்தபோது அது நின்றுபோகும். ஏழாவது ஆட்டம் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. 1995 ஜூனில் ரைலி நியூயார்க் அணிக்கு ராஜினாமாவை ஃபேக்ஸில் அனுப்பினார். மயாமி அணிக்குப் போய்விட்டார். ஒப்பந்தம் மீதி இருக்கும்போதே அழைத்துக்கொண்டதற்காக மயாமி ஒரு டிராஃப்ட் இடமும் பத்து லட்சம் டாலரும் நியூயார்க்குக்குக் கொடுக்க நேர்ந்தது. 1999 ஜனவரியில் நியூயார்க் நிர்வாகம் ஸ்டார்க்ஸையும் வேறு அணிக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு இன்னொரு ஆட்டக்காரரை வாங்கியது. தொழில் அப்படித்தான் என்பார்கள். சரி, தொழில் அப்படித்தான் என்றால் விசுவாசம் என்ற பெரிய சொல்லை எதற்கு இழுக்கவேண்டும்? 1990இல் ஸ்டார்க்ஸைக் காப்பாற்றிய விதி ஃபேக்ஸில் ராஜினாமா பண்ணிப் போகாது. இதுதான் இரண்டுக்கும் வித்தியாசம்.

ரைலி ஜெயித்திருந்தால் இப்படிப் பேசுவாயா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2013 இறுதிப் போட்டியில் சான் அன்டோனியோ அணியின் மனு ஜினோபிலி தடுமாறிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் கிரெக் பொபோவிச் ஐந்தாவது ஆட்டத்தில் அவரைத் தொடக்க ஐவரில் ஒருவராக இறக்கினார். 24 புள்ளி, 10 உதவிகள், வெற்றி. அடுத்த ஆட்டத்தில் அதே ஜினோபிலி பந்தை 8 தடவை எதிரணியிடம் இழந்தார். 103க்கு 100 என்று தோல்வி. ஏழாவது ஆட்டமும் போயிற்று. வயசானவர், முடிந்துபோச்சு என்று பேசினார்கள். பொபோவிச் அவரை விடவில்லை. 2014இல் அதே மயாமி அணியை 4-1 என்று வென்று பட்டம் வாங்கினார்கள். உடனே பொபோவிச்சின் நம்பிக்கை ஞானம் ஆகிவிட்டது. ரைலியின் நம்பிக்கை மடத்தனமாகவே நின்றுவிட்டது. விளைவை வைத்து அறத்தை அளந்தால் வந்துசேர்வது இங்கேதான். ஜெயித்தவனின் பிடிவாதத்துக்குப் பெயர் தீர்க்கதரிசனம். நான் அந்த அளவுகோலை ஏற்கவில்லை. ஸ்டார்க்ஸின் கடைசி மூன்று எறிகளும் விழுந்து நியூயார்க் ஜெயித்திருந்தாலும், பிளாக்மனைப் பற்றிய கேள்வி அப்படியேதான் இருந்திருக்கும். கேட்க ஆள்தான் இருந்திருக்காது.

ஆக, என் முடிவைச் சொல்கிறேன். ஸ்டார்க்ஸ் என்ற மனிதரை நம்பியதில் ரைலி சரி. கடைசிக் கால்பகுதியில் அவரைக் களத்தைவிட்டு எடுக்காததில் ரைலி தவறு. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று தோன்றுவது, ஒருத்தனின் இடத்தையும் அந்த நேரத்து வேலையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால். 'உன் இடம் உனக்கு இருக்கு, நாளைக்கும் இருக்கும், இப்ப கொஞ்ச நேரம் உக்காரு, மூச்சு வாங்கு' என்று சொல்வது கைவிடுவது ஆகாது. இந்த ஆட்டத்தின் விதியே திரும்ப வர வழி வைத்திருக்கிறது. பதினாறாயிரம் பேர் சத்தம் போடும் அரங்கில், கை நடுங்குகிறவனைத் தொடர்ந்து எறியவிட்டு நிற்பதை அன்பு என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதில் அவனைத் தனியே விட்ட கொடுமையும் கலந்திருக்கிறது. ஐந்து நிமிஷம் பிளாக்மனை இறக்கியிருந்தால் ஸ்டார்க்ஸுக்கு மரியாதை குறைந்திருக்காது. பிளாக்மனுக்குத் தன் பங்கு கிடைத்திருக்கும். அவரும் தவறவிட்டிருக்கலாம். அவருக்கும் அந்த உரிமை உண்டு.

இயக்கத்தில் இருக்கிறவர்களுக்காக இதை இன்னும் நேரடியாகச் சொல்லலாம். மேடையில் யாரைப் பேசவிடுவது, பத்திரிகையில் யாரை எழுதவிடுவது, வழக்கை யார் கையில் கொடுப்பது என்று முடிவு செய்கிற இடத்தில் இன்றைக்கு நம்மில் சிலர் இருக்கிறோம். தடுமாறுகிற ஒரு தோழரைத் தாங்கிப் பிடிப்பது நமக்குப் பெருமையாக இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் அந்தத் தாங்கல் நமக்குப் பிடித்த ஒருத்தருக்கு மட்டும் போகிறதா, வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் போகிறதா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஒருத்தருக்கு மட்டும் போனால் அது சலுகை. எழுதி வைத்து, யார் வந்தாலும் கிடைக்கும் என்று ஆக்கினால் அது உரிமை. மூணு தடவை தவறலாம் என்றால் மூணு தடவை எல்லாருக்கும். முறை வரும் என்றால் பெஞ்சில் கடைசியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் வரவேண்டும், அந்தப் பிள்ளையின் பெயர் தலைவருக்குத் தெரியாவிட்டாலும்.

பெஞ்சில் உட்காருவது ஒருத்தனை உடைத்துவிடும் என்ற பயத்தில்தான் ரைலி மாதிரியானவர்கள் தயங்குகிறார்கள். ஸ்டார்க்ஸின் வாழ்க்கையே அதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1996இல் நியூயார்க் அணி அவர் இடத்துக்கு ஆலன் ஹூஸ்டன் என்ற ஆட்டக்காரரைக் கொண்டுவந்தது. ஸ்டார்க்ஸ் தொடக்க ஐவரிலிருந்து விலகி, பெஞ்சிலிருந்து எழுந்து ஆடப் போகிறவர் ஆனார். அந்தப் பருவத்தின் முடிவில், 1997இல், பெஞ்சிலிருந்து வந்து ஆடுகிறவர்களில் லீகிலேயே சிறந்தவர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. ஆறாவது ஆள் விருது என்று அதற்குப் பெயர்.